எக்ஸ்-பிளேன் 12: வான்பட டைலைச் சேர்த்ததும் மரம், சாலை, கட்டடம் எல்லாம் மறைகின்றன

வடகாற்று எழுதியது:

வணக்கம். எக்ஸ்-பிளேன் 12 விமானச் சிமுலேட்டருக்கு, வான்படங்களிலிருந்து தரைக்காட்சி செய்யும் ஆர்த்தோ4எக்ஸ்பி 1.40 கருவியை வைத்து +45+007 டைலை (45° வடக்கு, 7° கிழக்கில் தொடங்கும் 1° கட்டம்) ஜூம் 17-இல் (வலை வரைபடங்களின் நேர்த்திப் படி) உருவாக்கி, கஸ்டம் சீனரி ஃபோல்டரில் போட்டிருக்கிறேன். அந்த டைலுக்குள் ஒரு பள்ளத்தாக்குக்கு மட்டும் தனியாக நல்ல வான்படம் கைவசம் இருக்கிறது. கிழக்கு மேற்காக 9 கி.மீ., தெற்கு வடக்காக 7 கி.மீ., பிக்சலுக்கு 25 செ.மீ., யுடிஎம் வரைவில் ஜியோடிஃப் (இட ஒருங்குகள் பதிந்த படக் கோப்பு). அதே பரப்புக்கு 1 மீட்டர் இடைவெளியில் உயரத் தரவும் உண்டு. பள்ளத்தாக்கின் நடுவில் ஒரு சிறிய ஓடுபாதை.

இப்போதைய சிக்கல்கள்:

டைலைப் போட்டதும் தரையில் புகைப்படம் சரியாக வருகிறது. ஆனால் மரம், சாலை எதுவும் இல்லை. அந்த டைலில் இருந்த விமான நிலையக் கட்டடங்களும் காணோம்.

டைலின் கிழக்கு எல்லையில், பக்கத்து டைல் தொடங்கும் இடத்தில், தரை சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது.

ஓடுபாதை நடுவில் ஒரு மேடு.

என் 25 செ.மீ. படத்தை இதற்குள் எப்படிக் கொண்டுவருவது? முழு டைலையும் ஜூம் 19-இல் செய்துவிட்டு அதில் மாற்றுவதா, வேறு வழி இருக்கிறதா? வட்டில் 200 ஜிபி இடம் இருக்கிறது.


மெஷ்காரர் எழுதியது:

முதல் சிக்கலுக்குக் காரணம் கிட்டத்தட்ட உறுதியாக வரிசைதான். கஸ்டம் சீனரி ஃபோல்டருக்குள் இருக்கும் சீனரி பேக்ஸ் ஐஎன்ஐ கோப்பைத் திறந்து பாருங்கள். புதிதாக ஒரு ஃபோல்டரைப் போட்டுவிட்டு எக்ஸ்-பிளேனைத் தொடங்கினால், அது புதிய ஃபோல்டரை அந்தக் கோப்பின் தலையில் எழுதிவிடும். மேலே இருப்பதற்கே முன்னுரிமை. உங்கள் ஆர்த்தோ டைல் ஓர் அடித்தள மெஷ், அதாவது தரையின் வடிவத்தைத் தரும் முக்கோண வலை. எக்ஸ்-பிளேன் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்து, அந்த 1° கட்டத்துக்கு ஓர் அடித்தள மெஷ் கிடைத்ததும் அதற்குக் கீழே இருக்கிற எதையும் அந்தக் கட்டத்துக்கு எடுத்துக்கொள்ளாது. விமான நிலையங்களும் ஓவர்லேக்களும் (தரைமேல் வரும் மரம், சாலை போன்றவை) கீழே மாட்டிக்கொண்டால் அவை காட்சியில் வரவே வராது. பிழைச் செய்தியும் வராது, ஏனென்றால் சிமுலேட்டரைப் பொறுத்தவரை அதில் பிழை எதுவும் இல்லை.

சரியான வரிசை, மேலிருந்து கீழாக: முதலில் தனியாக நிறுவிய விமான நிலையங்கள். அடுத்து நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே குளோபல் ஏர்போர்ட்ஸ் என்று இருக்கும் வரி. பிறகு சிறு பரப்புக்கான உங்கள் சொந்த ஓவர்லேக்கள். அதற்குக் கீழே ஒய் எழுத்தில் தொடங்கும் ஆர்த்தோ4எக்ஸ்பி ஓவர்லே ஃபோல்டர். கடைசியில் இசட் எழுத்தில் தொடங்கும் டைல்கள். பொருள்களை மட்டும் வைத்திருக்கும் லைப்ரரிகள் எங்கே இருந்தாலும் கெடுதல் இல்லை.

ஒய், இசட் என்ற முன்னெழுத்துகளுக்குக் காரணமும் இதுதான். ஐஎன்ஐ கோப்பை அழித்துவிட்டுச் சிமுலேட்டரைத் தொடங்கினால் அகர வரிசையில் புதிதாக எழுதப்படும், அப்போது இவை தாமாகவே அடிக்குப் போய்விடும். ஆனால் அப்படி அழித்தால் நீங்கள் முடக்கி வைத்திருந்த பேக்குகள் எல்லாம் மீண்டும் இயங்கத் தொடங்கும். நகல் எடுத்து வைத்துக்கொண்டு கையாலேயே வரிகளை இடம் மாற்றுங்கள், அதுவே பாதுகாப்பு. சிமுலேட்டர் மூடியிருக்கும்போது திருத்த வேண்டும்.


நிலப்படம் எழுதியது:

உங்கள் படத்தைப் பற்றி. ஜூம் 19-இல் முழு டைல் செய்யும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கணக்கு இதோ.

ஆர்த்தோ4எக்ஸ்பி ஒவ்வொரு டெக்ஸ்சரையும் (தரையில் ஒட்டும் படத் துண்டு) 4096 × 4096 பிக்சலில் எழுதுகிறது. பிசி1 என்ற படச் சுருக்க முறையில் ஒரு பிக்சலுக்கு அரை பைட், ஆக 8 எம்பி. மிப்மேப் (தூரத்துக்கான சிறிய நகல்கள்) சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு கூடி 10.7 எம்பி. 45.5° அட்சரேகையில் ஒரு 1° டைலுக்கு ஜூம் 16-இல் ஏறத்தாழ 200 டெக்ஸ்சர், சுமார் 2.2 ஜிபி. ஜூம் 17-இல் 800 அளவில், 8 ஜிபிக்குச் சற்று மேல். ஒவ்வொரு ஜூம் படிக்கும் நான்கு மடங்கு. ஜூம் 18 என்றால் 32 ஜிபி, ஜூம் 19 என்றால் 130 ஜிபிக்கு அருகில். இடைக்கால ஜேபெக் கோப்புகள் தனி. உங்கள் 200 ஜிபி ஒரே ஒரு டைலில் கரைந்துவிடும். அதில் நீங்கள் தாழப் பறக்கும் பகுதி நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது.

இதே கணக்கைப் பூமத்திய ரேகைப் பக்கம் போட்டால் எண்ணிக்கை குறையும். மெர்கேட்டர் வரைவில் துருவம் நோக்கிப் போகப்போக வடக்கு தெற்காகக் கூடுதல் கட்டங்கள் தேவைப்படும், அதனால்தான். நில நேர்த்தியும் அதற்கேற்ப மாறும். ஜூம் 17 பூமத்திய ரேகையில் பிக்சலுக்கு 1.19 மீட்டர், உங்கள் அட்சரேகையில் 0.84 மீட்டர். ஜூம் 18 என்றால் 0.42 மீட்டர். உங்கள் 25 செ.மீ. படம் ஜூம் 18-க்கும் 19-க்கும் இடையில் விழுகிறது.

இரண்டு வழிகள் இருக்கின்றன. எதைத் தேர்வது என்பது உயரத் தரவை நீங்கள் பயன்படுத்தப் போகிறீர்களா என்பதைப் பொறுத்தது.

முதல் வழி, டிரேப்டு பாலிகன். ஏற்கெனவே இருக்கும் மெஷ் மேல் துணி போர்த்துவது போலப் படத்தைப் போர்த்துவது. தரையின் வடிவம் மாறாது. இதற்கு எக்ஸ்-பிளேன் சீனரியைத் தொகுக்கும் வேர்ல்டு எடிட்டர் போதும். படத்தை முதலில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் 50 செ.மீ. ஆகக் குறைத்து, 4096 × 4096 துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு துண்டு 2048 மீட்டர் பக்கம் கொண்டது, ஆக 5 × 4 என 20 துண்டுகள், மொத்தம் சுமார் 215 எம்பி. 25 செ.மீ.யை அப்படியே வைத்தால் 63 துண்டுகள், 670 எம்பி. 50 செ.மீ. படத்துக்கும் 25 செ.மீ. படத்துக்கும் உள்ள வேறுபாடு உயரே போகப்போகக் குறைந்துகொண்டே வரும். ஓடுபாதையைச் சுற்றி மட்டும் நான்கு துண்டுகளை 25 செ.மீ.யில் வைத்து, மற்றதை 50 செ.மீ.யில் வைப்பது நல்ல சமரசம்.

துண்டுகளின் பக்கம் 2-இன் அடுக்காகவே இருக்க வேண்டும்: 1024, 2048, 4096. பிறகு வேர்ல்டு எடிட்டரில் ஆர்த்தோஃபோட்டோ இறக்குமதி செய்து, பேக்கை ஏற்றுமதி செய்யுங்கள். ஏற்றுமதியான பால் (பாலிகன் வரையறை) கோப்புகளை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து இரண்டு வரிகளைச் சரிபார்க்கவும். ஒன்று லோடு சென்டர்: அட்சரேகை, தீர்க்கரேகை, மீட்டரில் பரப்பு, பிக்சல் அளவு என நான்கு எண்கள். இந்த வரி இருந்தால்தான் தூரத்தில் இருக்கும் துண்டுகளைக் குறைந்த நேர்த்தியில் ஏற்றி, அருகில் வரும்போது முழு நேர்த்திக்கு மாற்றும். இல்லையென்றால் எல்லாத் துண்டுகளும் எப்போதும் முழு அளவில் கிராஃபிக்ஸ் கார்டின் மெமரியில் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று லேயர் குரூப், அதாவது எது எதற்கு மேல் வரையப்படும் என்ற அடுக்கு. ஓடுபாதை புகைப்படத்துக்கு அடியில் மறைந்தால் இந்த அடுக்கு மேலே இருக்கிறது என்று பொருள். ஷோல்டர்ஸ், டாக்ஸிவேஸ், ரன்வேஸ் ஆகியவற்றுக்குக் கீழே, பீச்சஸ் குழுவில் வையுங்கள்.

ஆறு, ஏரி இருக்கும் இடத்தைப் பாலிகனிலிருந்து வெட்டி எடுத்துவிடுங்கள். தண்ணீரைச் சிமுலேட்டரே வரையட்டும்.

இந்த வழியை ஒரு பள்ளத்தாக்கு, ஒரு தீவு, ஒரு ஓடுபாதைச் சுற்றுப்புறம் என்ற அளவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். போர்த்திய பாலிகன்கள் அடித்தள மெஷ்ஷில் நேரடியாக ஒட்டிய படத்தைவிடக் கனமானவை. முழு டைலையும் இப்படிப் போர்த்தினால் ஃபிரேம் எண்ணிக்கை கீழே விழும்.

இரண்டாவது வழி, ஆர்த்தோ4எக்ஸ்பி டைலின் டெக்ஸ்சரையே மாற்றுவது. அதைத் தனிப் பதிவாக எழுதுகிறேன், கொஞ்சம் கணக்கு இருக்கிறது.


நிலப்படம் எழுதியது:

டெக்ஸ்சர் கோப்பின் பெயரில் மூன்று செய்திகள் இருக்கின்றன: மேல் ஓரத்தின் வரிசை எண், இடது ஓரத்தின் நெடுவரிசை எண், படம் எங்கிருந்து வந்தது என்ற குறியோடு ஜூம் எண். இந்த எண்கள் வலை வரைபடங்களின் 256 பிக்சல் கட்ட எண்கள். 4096 பிக்சலுக்கு 16 கட்டங்கள் என்பதால் எப்போதும் 16-இன் மடங்காகவே வரும்.

எடுத்துக்காட்டாக 45.5° வடக்கு, 7.5° கிழக்கு என்ற புள்ளி ஜூம் 17-இல் எந்தக் கோப்பில் இருக்கிறது? தீர்க்கரேகையோடு 180 கூட்டி 360-ஆல் வகுத்து 131072-ஆல் (ஜூம் 17-இல் ஒரு பக்கத்துக் கட்ட எண்ணிக்கை) பெருக்குங்கள்: 68266. அதற்குக் கீழே உள்ள 16-இன் மடங்கு 68256. அட்சரேகைக்கு மெர்கேட்டர் சூத்திரம் போட்டால் 46891, கீழ் மடங்கு 46880. ஆக 46880, 68256 என்று தொடங்கும் கோப்புதான் அது.

இனி அந்தக் கோப்பின் எல்லை. இபிஎஸ்ஜி 3857 ஒருங்கில் (வலை வரைபடங்களின் மெர்கேட்டர் வரைவு) ஜூம் 17-இன் ஒரு டெக்ஸ்சருக்குப் பக்கம் 4891.97 மீட்டர். இது வரைவின் மீட்டர், நிலத்தில் உங்கள் அட்சரேகையில் 3.43 கி.மீ. தான். 68256-ஐ 16-ஆல் வகுத்தால் 4266. அதிலிருந்து 4096 (ஒரு பக்கத்து 8192 டெக்ஸ்சர்களில் பாதி) கழித்தால் 170. அதை 4891.97-ஆல் பெருக்கினால் இடது ஓரம் 831635. மேல் ஓரத்துக்கு 46880-ஐ 16-ஆல் வகுத்தால் 2930. 4096-இலிருந்து அதைக் கழித்தால் 1166, பெருக்கினால் 5704037. வலது ஓரமும் கீழ் ஓரமும் இவற்றிலிருந்து 4892 மீட்டர் தள்ளி.

கியூஜிஐஎஸ்ஸில் உங்கள் யுடிஎம் படத்தை இபிஎஸ்ஜி 3857-க்கு மாற்றி, இந்த எல்லையில் வெட்டி, 4096 × 4096 ஆக ஏற்றுமதி செய்யுங்கள். உங்கள் படம் எட்டாத ஓரங்களில் ஏற்கெனவே இருக்கும் ஜேபெக் தெரிய வேண்டும். அதனால் பழையதைக் கீழ் அடுக்காக வைத்து, மேலே உங்கள் படத்தின் ஓரத்தை 100 மீட்டர் அளவுக்கு மெல்ல மங்கவிட்டுச் சேர்த்து ஏற்றுமதி செய்யுங்கள். நிறத்தையும் இந்தக் கட்டத்திலேயே ஒத்துவரச் செய்யுங்கள். விளிம்பு தெரிவதற்கு நேர்த்தி வேறுபாட்டைவிட நிற வேறுபாடே பெரிய காரணம்.

அந்த ஜேபெக்கை ஆர்த்தோ4எக்ஸ்பியின் ஆர்த்தோஃபோட்டோஸ் ஃபோல்டருக்குள் +40+000, அதற்குள் +45+007, அதற்குள் அந்தப் படமூலத்தின் ஃபோல்டரில், அதே பெயரில் மாற்றி வையுங்கள். அடுத்து டைலின் டெக்ஸ்சர்ஸ் ஃபோல்டரில் அதே பெயருள்ள டிடிஎஸ் கோப்பை (சிமுலேட்டர் படிக்கும் படம்) அழியுங்கள். இதைச் செய்யாவிட்டால், டிடிஎஸ் ஏற்கெனவே இருக்கிறது என்று அந்தக் கோப்பைக் கருவி தாண்டிப் போய்விடும், உங்கள் மாற்றம் காட்சிக்கு வராது. அழித்த பிறகு படத்தையும் டிஎஸ்எஃப்பையும் (எக்ஸ்-பிளேனின் சீனரிக் கோப்பு) உருவாக்கும் கடைசிப் படியை மட்டும் ஓட்டுங்கள். ஜேபெக் இருப்பதால் இணையத்திலிருந்து இறக்காது, நேராக டிடிஎஸ் ஆக்கிவிடும்.

உங்கள் ஜேபெக்குகளின் நகலை வேறு இடத்தில் வைத்திருங்கள். தற்காலிகக் கோப்புகளை அழிக்கும் சாளரத்தில் ஆர்த்தோஃபோட்டோஸைத் தேர்ந்து அழித்தால் உங்கள் வேலையும் சேர்ந்து போகும். அடுத்த முறை இணையத்துப் படமே வந்து உட்காரும்.

9 × 7 கி.மீ.க்கு ஜூம் 17-இல் 9 முதல் 16 கோப்புகள் மாற்ற வேண்டியிருக்கும். 0.84 மீட்டர் போதாது என்றால், ஆர்த்தோ4எக்ஸ்பியின் வரைபடச் சாளரத்தில் பள்ளத்தாக்கைச் சுற்றி ஒரு பலகோணம் வரைந்து அதற்கு மட்டும் ஜூம் 18 கொடுங்கள். மற்ற இடம் 17-லோ 16-லோ இருக்கலாம். மெஷ் உருவாக்கும்போது மெஷ் ஜூம் என்ற அமைப்பு நீங்கள் பயன்படுத்தப் போகும் உச்ச ஜூம் அளவுக்காவது இருக்க வேண்டும். இயல்பாக 19 இருக்கும், முக்கோணங்களைக் குறைக்க யாராவது சொல்லி அதைத் தாழ்த்தியிருந்தால் மட்டும் கவனியுங்கள்.


வடகாற்று எழுதியது:

மிக்க நன்றி. வரிசையை மாற்றினேன், விமான நிலையக் கட்டடங்கள் திரும்ப வந்துவிட்டன. மரங்களும் சாலைகளும் இன்னும் இல்லை. ஒய் ஃபோல்டர் பட்டியலில் டைலுக்கு மேலேதான் இருக்கிறது.


மெஷ்காரர் எழுதியது:

அப்படியானால் அந்த ஃபோல்டர் காலியாக இருக்கிறது, அல்லது இந்த டைலுக்கு எதுவும் அதில் இல்லை. ஒய் ஃபோல்டருக்குள் எர்த் நேவ் டேட்டா, அதற்குள் +40+000, அதற்குள் +45+007 டிஎஸ்எஃப் கோப்பு இருக்கிறதா பாருங்கள். எல்லா டைல்களுக்கும் ஓவர்லே ஃபோல்டர் ஒன்றேதான். ஒரு டைலுக்குச் செய்துவிட்டு மற்றொன்றுக்கு மறந்துபோவது வழக்கமாக நடப்பது.

ஆர்த்தோ டைலில் தரையும் தண்ணீரும் மட்டும்தான். காடு, சாலை, மின்கம்பம், தானாக வரும் வீடுகள் எல்லாம் எக்ஸ்-பிளேனோடு வந்த குளோபல் சீனரியின் டிஎஸ்எஃப்பில் மெஷ்ஷோடு ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. உங்கள் மெஷ் மேலே வந்ததும் அந்த முழுக் கோப்பும் ஓரங்கட்டப்படுகிறது. அதிலிருந்து மெஷ் தவிர மற்றதைப் பிரித்தெடுப்பதுதான் ஓவர்லே எடுப்பது.

அமைப்புச் சாளரத்தில் ஓவர்லே மூலம் என்ற இடத்தில் எர்த் நேவ் டேட்டா ஃபோல்டரைத் தரக் கூடாது, அதை உள்ளடக்கிய ஃபோல்டரைத் தர வேண்டும். அதாவது குளோபல் சீனரிக்குள் இருக்கும் எக்ஸ்-பிளேன் 12 குளோபல் சீனரி. ஒரு படி உள்ளே போய்விட்டால் கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு ஓவர்லே இல்லாமலே டைல் முடிந்துவிடும். இன்னொன்று, அந்தப் பகுதியின் குளோபல் சீனரியையே நீங்கள் நிறுவாமல் விட்டிருந்தால் எடுக்க எதுவும் இருக்காது. இடம் மிச்சம் பிடிக்க அதை நீக்குபவர்கள் ஓவர்லேயை எடுத்த பிறகே நீக்க வேண்டும்.

மரங்கள் வந்த பிறகு அடுத்த எரிச்சல் தொடங்கும்: படத்தில் வயல் இருக்கும் இடத்தில் காடு நிற்கும். வேர்ல்டு எடிட்டரில் எக்ஸ்க்ளூஷன் ஸோன் போட்டு ஃபாரஸ்ட் மட்டும் விலக்கலாம். அது தன்னைவிடத் தாழ்ந்த முன்னுரிமை உள்ள பேக்குகளில் இருப்பதைத்தான் விலக்கும். ஆக அந்த ஸோன் இருக்கும் பேக், ஒய் ஃபோல்டருக்கு மேலே இருக்க வேண்டும்.


குறுக்குக்காற்று எழுதியது:

சுவரும் மேடும் உயரத் தரவு விவகாரம், அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கிழக்கு எல்லையில் பக்கத்து டைல் எக்ஸ்-பிளேனின் இயல்பு மெஷ். உங்களுடையது ஆர்த்தோ4எக்ஸ்பி இறக்கிய வேறு உயரத் தரவிலிருந்து வந்தது. மலைப் பகுதியில் இரண்டும் பல மீட்டர் வேறுபடும், அதுதான் சுவராகத் தெரிகிறது. இரண்டு பக்கமும் ஒரே மூலத்திலிருந்து வந்தால் சுவர் இருக்காது. கிழக்கு டைலை ஜூம் 14-இல் செய்துவிடுங்கள். இருபது சொச்சம் டெக்ஸ்சர், கால் ஜிபிக்குள் முடிந்துவிடும். படம் மங்கலாக இருந்தாலும் மெஷ் ஒத்துப்போகும். அப்போது சுவர் அந்த டைலின் மறு எல்லைக்கு, நீங்கள் பறக்காத இடத்துக்குத் தள்ளிப் போகும்.

ஓடுபாதை மேடு: ஆர்த்தோ4எக்ஸ்பி ஓடுபாதைகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து அறிந்து, அங்கே தரையை இழைத்துச் சமன் செய்கிறது. உங்கள் ஓடுபாதை அந்த வரைபடத்தில் இல்லையென்றாலோ, தவறான இடத்தில் வரையப்பட்டிருந்தாலோ சமன் செய்யப்படாது. முதலில் அதைப் பாருங்கள். அங்கே சரியாக வரைந்து சேர்த்துவிட்டு, டைலின் பழைய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை அழித்து மறுபடி முதல் படியிலிருந்து செய்ய வேண்டும். பழைய தரவு வட்டில் இருந்தால் புதிதாக இறக்காது. வேர்ல்டு எடிட்டரில் விமான நிலையத்துக்கு ஆல்வேஸ் ஃபிளாட்டன் என்று குறிப்பது விரைவான வழி. ஆனால் ஓடுபாதை சரிவாக இருக்கும் மலை நிலையத்தில் அது எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து, ஒரு முனையில் கரையையும் மறு முனையில் பள்ளத்தையும் உண்டாக்கும். உங்கள் பள்ளத்தாக்குக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் 1 மீட்டர் உயரத் தரவு நல்ல சொத்து. ஆனால் அதை அப்படியே தனிப்பயன் உயரக் கோப்பாகக் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கோப்பு மூடாத இடம் எல்லாம் பூஜ்ஜிய உயரமாக எடுத்துக்கொள்ளப்படும். தீவுகளுக்கு அது வசதி. மலைக்கு நடுவில் உள்ள பள்ளத்தாக்கில் செய்தால் உங்கள் 9 × 7 கி.மீ. கடல் மட்டத்திலிருந்து எழும்பிய தூண் போல நிற்கும்.

செய்ய வேண்டியது: ஆர்த்தோ4எக்ஸ்பி பயன்படுத்திய பொதுவான உயரத் தரவை எடுத்து, மூன்றில் ஒரு ஆர்க் செகண்ட் இடைவெளிக்கு மறுமாதிரி எடுங்கள். ஒரு டைலுக்கு 10801 × 10801 புள்ளிகள், சுமார் 10 மீட்டர் இடைவெளி. உங்கள் 1 மீட்டர் தரவையும் அதே கட்டத்துக்குக் குறைத்து, இபிஎஸ்ஜி 4326-க்கு (அட்சரேகை, தீர்க்கரேகை ஒருங்கு) மாற்றி, மேலே பதியுங்கள். ஓரத்தில் 200 முதல் 300 மீட்டர் அகலத்துக்கு இரண்டையும் எடை போட்டுக் கலக்கவும், இல்லாவிட்டால் புது எல்லையில் புதுச் சுவர் வரும். 1 மீட்டர் நேர்த்தி முழுவதையும் மெஷ்ஷில் கொண்டுவர முயல வேண்டாம். மெஷ் நிலத்தின் வளைவிலிருந்து எவ்வளவு விலகலாம் என்று சொல்லும் வளைவுத் தாங்கல் அமைப்பு இயல்பாக 2 இருக்கும். அதைக் குறைக்கக் குறைக்க முக்கோணங்கள் பெருகி, ஏற்றும் நேரமும் மெமரியும் கூடும். ஓடுபாதையைச் சுற்றியுள்ள நிலத்துக்கு 10 மீட்டர் கட்டமே கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

பதிப்பதற்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டியது உயரத்தின் அடிப்படை மட்டம். ட்ரோன், ஜிபிஎஸ் வழி எடுத்த தரவு பெரும்பாலும் நீள்வட்டகத்திலிருந்து (பூமியின் கணித வடிவம்) அளந்த உயரம். பொதுத் தரவு சராசரிக் கடல் மட்டத்தை, அதாவது ஜியாய்டை ஒட்டியது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு உலகில் இடத்துக்கு இடம் மாறும். எதிர்மறையில் 100 மீட்டருக்கு மேலும், நேர்மறையில் 80 மீட்டருக்கு மேலும் போகும். திருத்தாமல் பதித்தால் முழுப் பள்ளத்தாக்கும் பல பத்து மீட்டர் தூக்கியோ அமிழ்ந்தோ நிற்கும், எவ்வளவு கலந்தாலும் சரியாகாது. பொதுத் தரவிலும் உங்கள் தரவிலும் கட்டடமும் மரமும் இல்லாத ஐந்தாறு திறந்த இடங்களில் உயரத்தை ஒப்பிடுங்கள். வேறுபாடு எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே எண்ணாக வந்தால் அது மட்டத்தின் வேறுபாடு, கழித்துவிடலாம்.

மரம், கூரை உயரங்களையும் சேர்த்த மேற்பரப்புத் தரவு என்றால் பயன்படுத்த வேண்டாம். வெற்றுத் தரை உயரம்தான் வேண்டும். இல்லையென்றால் காட்டின் உச்சி தரையாகி, அதன் மேல் மறுபடி மரம் முளைக்கும்.


இறக்கைமுனை எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. இதே படத்தை ஃபிளைட்கியர் சிமுலேட்டரில் போட முடியுமா? அதில் 1° டைல் முறை இல்லை என்று படித்தேன்.


குறுக்குக்காற்று எழுதியது:

2024.1 பதிப்பில் முடியும். ஃபோல்டர்கள் 1° தான், உள்ளே டைல்கள் சிறியவை. தெற்கு வடக்கு அளவு எப்போதும் 0.125°. அகலம் அட்சரேகையைப் பொறுத்தது: 22° வரை 0.125°, அதிலிருந்து 62° வரை 0.25°, பிறகு 76° வரை அரை பாகை, இன்னும் மேலே போனால் மேலும் அகலும்.

டைல் எண் கணக்கு: தீர்க்கரேகையின் கீழ் முழு எண்ணோடு 180 கூட்டி 16384-ஆல் பெருக்குங்கள். அட்சரேகையின் கீழ் முழு எண்ணோடு 90 கூட்டி 64-ஆல் பெருக்குங்கள். 1° கட்டத்துக்குள் தெற்கிலிருந்து எத்தனையாவது வரிசை என்பதை பூஜ்ஜியத்திலிருந்து எண்ணி 8-ஆல் பெருக்குங்கள். மேற்கிலிருந்து எத்தனையாவது என்பதைக் கூட்டுங்கள். 45.5, 7.5 புள்ளிக்கு: 3063808 + 8640 + 32 + 2 = 3072482. தனி சீனரி ஃபோல்டரில் ஆர்த்தோஃபோட்டோஸ், அதற்குள் 10° ஃபோல்டர், 1° ஃபோல்டர், அதற்குள் இந்த எண்ணைப் பெயராகக் கொண்ட பிஎன்ஜி அல்லது டிடிஎஸ். லாஞ்சரில் கூடுதல் சீனரி ஃபோல்டராகச் சேர்த்து, காட்சி அமைப்பில் செயற்கைக்கோள் படத்தை இயக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். படம் டைலின் முழு எல்லைக்கும் இழுத்து ஒட்டப்படும். அந்த அட்சரேகையில் ஒரு டைல் ஏறத்தாழ 19.5 × 13.9 கி.மீ., ஆக 9 × 7 கி.மீ. படம் மட்டும் போதாது, மிச்சத்தை வேறு படத்தால் நிரப்ப வேண்டும். 16384 பிக்சல் அகலம் வைத்தாலும் பிக்சலுக்கு 1.19 மீட்டர்தான் கிடைக்கும். அடுத்தது, டெராசிங்க் (சீனரியைத் தானாக இறக்கும் வசதி) ஃபோல்டருக்குள் உங்கள் கோப்பைப் போடாதீர்கள். சேவையகப் பட்டியலில் இல்லாததை அது ஒத்திசைக்கும்போது அழித்துவிடும்.


வடகாற்று எழுதியது:

ஓவர்லே மூலத்தில் நான் ஒரு படி உள்ளே போயிருந்தேன். இப்போது மரம், சாலை எல்லாம் வந்துவிட்டன. கிழக்கு டைல் ஜூம் 14-இல் செய்ததும் சுவர் போய்விட்டது. உயரத் தரவைப் பிறகு பார்ப்பதாக வைத்து, முதலில் டிரேப்டு வழியில் 20 துண்டுகளைப் போட்டேன். துண்டுகளுக்கு இடையில் தூரத்திலிருந்து பார்க்கும்போது மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன, அருகில் போனால் மறைகின்றன. ஒரு துண்டு வரவே இல்லை. முடித்ததும் நண்பர்களுக்கும் முழு டைலையும் அனுப்ப நினைக்கிறேன்.


நிலப்படம் எழுதியது:

வெள்ளைக் கோட்டுக்குக் காரணம் மிப்மேப். தூரத்தில் சிறிய மிப் அளவு பயன்படும்போது, துண்டின் ஓரப் பிக்சல் அதற்கு வெளியே உள்ள வெள்ளையோடு கலக்கிறது. கியூஜிஐஎஸ் வெட்டும்போது தரவில்லாத இடத்தை வெள்ளையாக நிரப்பியிருக்கும். துண்டுகளை 4096 பிக்சலிலேயே வைத்து, ஒவ்வொன்றும் பக்கத்துத் துண்டின் மேல் 32 பிக்சல் ஏறி நிற்குமாறு மறுபடி வெட்டுங்கள். பாலிகனின் ஓரத்தைப் படத்தின் விளிம்பில் வைக்காமல் 16 பிக்சல் உள்ளே இழுத்து வையுங்கள். பக்கத்துப் பாலிகன்கள் ஒன்றையொன்று சரியாகத் தொடும், விளிம்புப் பிக்சல் காட்சிக்கு வராது. பால் கோப்பில் டெக்ஸ்சர் வரி நோ ராப் வகையாக இருக்க வேண்டும். சாதாரண வகையாக இருந்தால் எதிர் ஓரத்தின் நிறம் இந்தப் பக்கம் கசியும்.

வராத துண்டுக்கு லாக் கோப்பைத் திறந்து ஃபெயில்டு டு ஃபைண்டு ரிசோர்ஸ் என்று தேடுங்கள். கோப்பின் பெயரும், எந்த பேக்கிலிருந்து அழைக்கப்பட்டது என்பதும் அந்த வரியிலேயே இருக்கும். பெயரில் எழுத்து வேறுபாடு, அல்லது டிடிஎஸ் ஆகாமல் விட்டுப்போன துண்டு, இரண்டில் ஒன்றாக இருக்கும். லினக்ஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் கணக்கு.

பகிர்வது பற்றி: டிரேப்டு பேக்கில் உங்கள் படம் மட்டும் இருப்பதால், படத்தின் உரிமை உங்களிடம் இருந்தால் அதைத் தாராளமாகக் கொடுங்கள். ஆர்த்தோ4எக்ஸ்பி டைலைக் கொடுக்காதீர்கள். அதில் உள்ள படங்கள் வரைபட நிறுவனங்களுடையவை, மறுவெளியீட்டுக்கு அவற்றின் விதிமுறைகள் இடம் தருவதில்லை. ஓவர்லே ஃபோல்டரும் எக்ஸ்-பிளேனின் சீனரியிலிருந்து எடுத்தது, அதுவும் வேண்டாம். டைலின் ஃபோல்டரில் இருக்கும் அமைப்புக் கோப்பை மட்டும் அனுப்பினால் நண்பர்கள் அதே ஜூம், அதே பலகோணத்தோடு தாங்களே உருவாக்கிக்கொள்வார்கள். அதில் தனிப்பயன் உயரக் கோப்பின் பாதை எழுதப்பட்டிருந்தால் அதை அவரவர் கணினிக்கு ஏற்ப மாற்றச் சொல்லுங்கள்.